72 வயதில் வந்த சுகர்

“வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா சார்?”

லேபில் ரத்தம் எடுக்கும் பெண் படிவத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். யாருக்கு இல்லை என்று கேளுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதே ஜோக்கைச் சொல்வார்கள் போலிருக்கிறது. ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். ஐந்து நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். வாந்தி எடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பக்கத்துத் தெருவரைக்கும் போய்ட்டு வந்துடட்டுமா?”

“வேணாம் சார். நடந்தா சுகர் இறங்கிடும். ரிசல்ட் தப்பா வரும்.”

அவர் சொன்னது சரியான நடைமுறைதான். ஆனால் அந்த ‘தப்பா வரும்’ என்னை விடவில்லை. நடந்தால் வருகிற எண் தப்பு, உட்கார்ந்திருந்தால் வருகிற எண் சரி. அப்படியானால் அவர்கள் அளக்கப்போவது என் உடம்பையா, என் உடம்பையும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியையும் சேர்த்தா?

போனில் சார்ஜ் இல்லை. உட்கார்ந்து குடும்பக் கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு 46 வயதில் வந்தது. பெரிய அத்தைக்கு ஐம்பதில். சின்ன அத்தைக்குக் கர்ப்பமாக இருக்கும்போது வந்து, பிரசவத்தோடு போய், பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. சித்தப்பாவுக்குக் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். தாத்தாவுக்கு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அவர் காலத்தில் யார் பார்த்தார்கள்? கொல்லையில் எறும்பு மொய்த்ததாகவும் கதை இல்லை.

எங்கள் வீட்டில் சுகரைப் பற்றிப் பேசுவது குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி. எந்த ஊரில் இருந்தாலும் நம்மைத் தேடி வந்துவிடும், தப்பிக்க முடியாது. “நம்ம பரம்பரைக்கு அது வந்துதானே ஆகணும்” என்பார்கள். கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைக் கேட்டு வாங்கும்போதும் இதே வாக்கியம்தான் கைகொடுக்கும்.

இந்தக் கணக்கில் இடிக்கிற ஒரே ஆள் பெரியப்பா.

அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரே தாய் தகப்பன், ஒரே பானையில் பழையது. அப்பா படித்து, அரசு வேலை கிடைத்து, திருச்சிக்குப் போனார். பெரியப்பா பாபநாசம் பக்கத்தில் மூன்று ஏக்கரோடு ஊரிலேயே தங்கிவிட்டார். சாப்பாட்டு விஷயத்தில் பெரியப்பா ஒன்றும் யோக்கியர் இல்லை. காப்பியில் சர்க்கரை கரையாமல் அடியில் கொஞ்சம் நிற்க வேண்டும், அதை விரலால் வழித்துச் சாப்பிடுவார். மூன்று வேளையும் சோறு. அப்பாவோ சர்க்கரை இல்லாத காப்பி, இரவில் கோதுமை தோசை என்று 46க்கு அப்புறம் ஒரு சாமியாரைப் போல வாழ்ந்தார். பெரியப்பாவுக்கு 60 வயதில் பார்த்தோம், இல்லை. 65ல் பார்த்தோம், இல்லை. “நான் எங்கம்மா வழிடா தம்பி” என்று பெருமையடித்துக்கொள்வார். அப்பாவுக்கும் அதே அம்மாதான் என்பதைச் சொல்லிக்காட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

72 வயதில் அவருக்கும் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் என்ன மாறியது என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பெட்டி. எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் அதற்கென்று வைத்த நேரத்தில்தான் வரும், சில சமயம் நடுராத்திரியில். கரண்ட் வந்ததும் எழுந்து வயலுக்குப் போய் மோட்டார் போட வேண்டும். வீட்டிலிருந்து வயல் ஒன்றரைக் கிலோமீட்டர். போட்டுவிட்டு மடை திருப்ப வேண்டும், வரப்பில் நண்டு வளை இருந்தால் மிதித்து அடைக்க வேண்டும், அப்புறம் அணைக்கப் போக வேண்டும். பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், பாம்பு பயத்தில் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். உள்ளே ஒரு சிம் கார்டு. கட்டிலில் படுத்தபடி போன் போட்டு ஒன்றை அமுக்கினால் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மோட்டார் ஓடும். அதே சமயத்தில்தான் மாடுகளை விற்றார்கள், நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்தது. பெரியப்பா திண்ணைக்கு வந்துவிட்டார்.

ஒரே ஆளை வைத்து அறிவியல் பேசக் கூடாது, தெரியும். வயது ஏற ஏற இன்சுலின் சுரப்பும் குறையும், அதையும் கழிக்க வேண்டும். ஆனாலும் தம்பிக்கு 46, அண்ணனுக்கு 72 என்ற அந்த 26 வருஷ இடைவெளியை ‘பரம்பரை’ என்ற ஒரே சொல்லில் எப்படி அடைப்பது?

என் ரிசல்ட்: வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரம் கழித்து 168, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 6.1. ‘பார்டர்’ என்று நாம் செல்லமாகச் சொல்வது. டாக்டரிடம் கேட்டேன், இதில் ஜீன் எத்தனை சதவீதம், என் பழக்கவழக்கம் எத்தனை சதவீதம்? பழியைப் பிரித்துக்கொள்ளும் ஆசைதான், வேறென்ன.

“தோசையில மாவு எத்தனை பர்சென்ட், சூடு எத்தனை பர்சென்ட்னு கேக்குறீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து இதை நீட்டிப் பார்த்தேன். ஒரு தோசையில் பிரிக்க முடியாது. ஆனால் ஊர் முழுக்க எல்லாரும் ஒரே கடையில் மாவு வாங்கினால், வீட்டுக்கு வீடு தோசை மாறுவதற்குக் காரணம் அடுப்புதான் என்று கணக்கு வரும். ஊர் முழுக்க ஒரே மாதிரி அடுப்பு என்றால் எல்லா வித்தியாசமும் மாவின் தலையில் விழும். ‘இந்த நோய் இத்தனை சதவீதம் பரம்பரை’ என்று செய்தியில் வரும் எண்ணும் இப்படிப்பட்டதுதான். ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. கூட்டமும் அதன் வாழ்க்கையும் மாறினால் எண்ணும் மாறும். என் தோசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பினைல்கீட்டோனூரியா என்ற நோயைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. 1934ல் நார்வேயில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் கண்டறிந்தது. மூளை வளர்ச்சி குன்றிய இரண்டு பிள்ளைகளின் அம்மா, குழந்தைகளிடம் வரும் விநோத வாடைக்குக் காரணம் தேடி அவரிடம் வந்தார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார், பச்சையாக மாறியது. புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற பொருளை உடைக்கும் நொதி அந்தப் பிள்ளைகளுக்கு வேலை செய்யவில்லை. ஒரே ஒரு ஜீன் சம்பந்தப்பட்டது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். நூற்றுக்கு நூறு பரம்பரை. ஆனால் 1950களில் பினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த உடனே கண்டுபிடித்து அந்த உணவிலேயே வளர்த்தால் மூளை தப்பிக்கும். அப்படியானால் நூற்றுக்கு நூறு சாப்பாட்டால் வருவதும்தான். இரண்டு நூறு எப்படி ஒரே நோய்க்குள் இருக்கும் என்று கேட்டால், தோசைதான் பதில்.

நம் பக்கத்திலேயே இன்னும் அழகான உதாரணம் உண்டு. மயக்க மருந்து டாக்டர்கள் ஸ்கோலின் என்று ஒரு மருந்து போடுவார்கள், முழுப்பெயர் சக்சினைல்கோலின். தொண்டைக்குள் குழாய் விடுவதற்காகத் தசைகளைச் சில நிமிஷம் தளர்த்தும். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை உடனே உடைத்துவிடுவதால் விளைவு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆரிய வைசியர் சமூகத்தில் இந்த நொதியே வேலை செய்யாதவர்கள் மற்ற இடங்களைவிட மிக அதிகம். கோயம்புத்தூரில் பார்த்த ஆய்வில், 2006ல் வெளியானது, சுமார் 25 பேரில் ஒருவர். அவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு குறையும் இல்லை. கடை நடத்தலாம், கச்சேரி கேட்கலாம், நூறு வயது வாழலாம். ஆபரேஷன் மேஜையில் அந்த ஒரு ஊசி போட்டால் மட்டும் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது, அதுவரை வென்டிலேட்டர்தான். அந்த மருந்தே கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு ஜீன் மாற்றம் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அதைக் ‘குறைபாடு’ ஆக்கியது மருந்துதான்.

சுகர் இவ்வளவு சுத்தமான கதை இல்லை. 2006ல் ஐஸ்லாந்துக் குழு ஒன்று டிசிஎஃப்7எல்2 என்ற ஜீனில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டும் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல். அடுத்த வருஷமே சென்னையிலும் புனேயிலும் நம் ஆட்களின் ரத்தத்தில் அதே தொடர்பைப் பார்த்தார்கள். சுகருக்கென்று தெரியவந்த ஜீன்களில் வலுவானவற்றில் ஒன்று அது. வலுவானதே இவ்வளவுதான். அதற்குப் பிறகு மரபணுவில் சுகரோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான இடங்கள் கிடைத்துவிட்டன, ஒவ்வொன்றும் துளித்துளியாய்ச் சேர்ப்பவை.

எனக்குப் பிடித்தது அதே 2006ல் அமெரிக்காவில் செய்த இன்னொரு வேலை. என்னைப் போல பார்டரில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரைப் பிரித்து, ஒரு குழுவை நடக்கவைத்து எடையைக் குறைக்கவைத்த பெரிய ஆய்வு ஒன்று ஏற்கெனவே நடந்திருந்தது. அவர்கள் ரத்தத்தில் இந்த ஜீனைப் பார்த்தார்கள். எதையும் பெரிதாக மாற்றாத குழுவில், இரட்டைப் பிரதிக்காரர்கள் சுகருக்குள் விழுந்த வேகம் ஒரு பிரதியும் இல்லாதவர்களைவிட சுமார் 80 சதவீதம் அதிகம். நடந்த குழுவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. லேப் பெண் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள். நடந்தால் ரிசல்ட் தப்பாகத்தான் வருகிறது!

ஒரு தலைமுறைக்குள் ஜீன் மாறாது. சென்னையில் 1989ல் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த சுகர், 2003-04ல் 14.3 சதவீதம். அந்தப் பதினைந்து வருஷத்தில் நம் மரபணு அப்படியேதான் இருந்தது. சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது, அம்மி போய் மிக்ஸி வந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய அளவில், இரண்டு ஊர்களாகப் பிரித்துவைத்த அண்ணன் தம்பி கதை ஒன்று இருக்கிறது. பீமா என்னும் அமெரிக்கப் பழங்குடி. அரிசோனாவில் கீலா என்ற நதிக்கரையில் நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். நதி வறண்டது, வயல் போயிற்று, பசி வந்தது. அப்புறம் அரசாங்கம் கொடுத்த மைதாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகத்திலேயே மிக அதிகமாகச் சுகர் உள்ள மக்கள் என்று மருத்துவ நூல்களில் இடம் பிடித்தார்கள். ‘பீமா ஜீன்’ என்றே பேச்சு ஓடியது.

அவர்களுடைய பங்காளிகள் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் மலைக்குள் மய்கோபா என்ற ஊரில் இருக்கிறார்கள். அங்கே கையால் விவசாயம். மக்காச்சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சாப்பாடு. 2006ல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சுகர். மய்கோபா பீமாக்களில் 6.9 சதவீதம். அதே மய்கோபாவில் பீமா அல்லாத அண்டை வீட்டு மெக்சிகோக்காரர்களில் 2.6 சதவீதம்.

பலர் முதல் இரண்டு எண்ணோடு நிறுத்திக்கொண்டு ‘எல்லாம் வாழ்க்கைமுறைதான்’ என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது எண்ணையும் பாருங்கள். ஒரே மலை, ஒரே மாதிரிப் பிழைப்பு, ஆனாலும் பீமாக்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாவு வேறுதான். ஆனால் அந்த அடுப்பில் அது பெரிதாகத் தெரியவில்லை. காவிரியில் தண்ணீர் வருமா என்று ஜூன் மாதம் பேப்பரைப் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்த நதிக் கதை கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. அரிசோனாக்காரர்கள் சோம்பேறியாகி நோயைத் தேடிக்கொள்ளவில்லை. அவர்களுடைய தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். ‘பழக்கவழக்கம்’ என்று டாக்டர் படிவத்தில் எழுதும் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஓர் அணைகூட இருக்கலாம்.

எனக்கு இன்னொரு சமாதானமும் கைவசம் இருந்தது. நான் ஒல்லி. சட்டை போட்டால் ஹேங்கர் மாதிரி இருப்பேன், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வரும். அந்தச் சமாதானத்தை உடைத்தது ஒரு போட்டோ. புனே மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம், 2004ல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை அளவு ஒன்றேதான், பிஎம்ஐ 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக்கின் உடற்பயிற்சி, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது என்று படத்தின் கீழேயே எழுதியிருந்தார்கள். தன்னையே இப்படிக் கேலி செய்துகொள்ளும் ஆராய்ச்சியாளர்மேல் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

கேலி இருக்கட்டும், யாக்னிக் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் அப்போதுதான் பிறந்த குழந்தைகளையும் அளந்தது. சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுதாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவை, தசையில் குறிப்பாக. ஆனால் தோளெலும்புக்குக் கீழே கிள்ளிப் பார்க்கும் கொழுப்பில் மட்டும் வித்தியாசம் மிகக் குறைவு. ஒல்லியான, கொழுத்த குழந்தை. இன்னும் ஒரு வாய்ச் சோறுகூடச் சாப்பிடவில்லை, ஒரு நாற்காலியில்கூட உட்காரவில்லை.

அம்மாவிடம் என் பிறந்த எடை கேட்டேன். 2.4 கிலோ. “குழந்தை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்னு ஒங்க பாட்டி அளந்துதான் போடுவா” என்றாள் சாதாரணமாக. அப்பா பக்கத்துப் பரம்பரையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தட்டு கணக்கிலேயே வரவில்லை. கர்ப்பப்பையும் ஒரு சுற்றுச்சூழல்தான், அதுவும் முதல் ஊர்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்கெல்லாம் ஒரே வரியில் விடை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் ஜீன் உள்ளவர்கள், அதனால்தான் நமக்குச் சுகர் என்று மாதம் ஒருமுறை ஒரு வீடியோ வரும். இது அமெரிக்க மரபியல் ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் நீல் 1962ல் சொன்ன ‘சிக்கன ஜீன்’ யோசனையின் உள்ளூர்ப் பதிப்பு. தாது வருஷப் பஞ்சம் கொடுமையானது, சந்தேகமில்லை. ஆனால் 1876லிருந்து இன்றுவரை ஐந்தாறு தலைமுறைதான். ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுவே புரண்டுவிட அது போதாது என்பது என் எண்ணம். சரியாகச் சாப்பிடாத பெண், அவள் வயிற்றில் சிறுத்துப் பிறந்த மகள், அந்த மகளின் மகன் என்று தாய்வழியாக இறங்கிவருவதைத்தான் என்னால் நம்ப முடிகிறது. அனுப்பியவர் பெரிய மாமா என்பதால் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரல் உயர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வைச் சொன்னார். பார்டரில் இருந்த 531 பேர். வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேர் சுகருக்குப் போய்விட்டார்கள். நடையையும் சாப்பாட்டையும் மாற்றவைத்தவர்களில் 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன். எனக்கு அதில் உறைத்தது மற்றொன்று: மாற்றியும் நூற்றுக்கு 39 பேர் போயிருக்கிறார்கள். மாவை மாற்ற முடியாது. அப்பாவின் கோதுமை தோசை வருஷங்களை நினைத்துக்கொண்டேன். அவர் தோற்கவில்லை, ஆரம்பித்த இடம் அப்படி. அவரை நாங்கள் திட்டிய திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவின் எச்பிஏ1சி 7.9லிருந்து 6.8க்கு இறங்கியிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றேன். “மாத்திரையா?” என்று மூஞ்சியைச் சுளித்தார். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் தினமும் நடங்கள் பெரியப்பா என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“எங்க பெரியப்பா?”

“மோட்டார் போட.”

“செல்போன்ல போடலாமே?”

“அந்த சிம்மைக் கழட்டி எறிஞ்சு நாலு மாசம் ஆச்சு. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுன்னு மெசேஜ் அனுப்புறான். எதுக்குத் தண்டமா?”